தானிய ஹாப்பர் ஓட்ட மூன்று வழிகள்: கம்பெனியின் கீழா, விலக்குச் சரக்கு மட்டுமா, சொந்த அத்தாரிட்டியா?

அமெரிக்காவின் அயோவா, நெப்ராஸ்கா, கான்சாஸ், இல்லினாய்ஸ் மாநிலங்களில் சொந்தமாக ஒரு இழுவை லாரி வைத்திருப்பவர் தானியம் ஏற்றலாம் என்று நினைத்தவுடன் ஹாப்பர், அதாவது முன்னும் பின்னும் உள்ள சரிவுத் தொட்டிகளின் அடிக்கதவு வழியாகச் சரக்கைக் கொட்டும் டிரெய்லரின் விலையை விசாரிக்கப் போய்விடுகிறார். யார் பெயரில் ஓடப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் டிரெய்லர் பார்ப்பதில் பயனில்லை. அதன் உலோகம், பக்கச் சுவரின் உயரம், அச்சுகளின் இடைவெளி எல்லாமே அந்த முடிவைப் பொறுத்தவை.

வழிகள் மூன்று. ஹாப்பர் சரக்கு எடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு வண்டியைக் குத்தகைக்கு விட்டு, அவர்களுடைய அத்தாரிட்டியில், அதாவது வாடகைக்குச் சரக்கு ஏற்ற மத்திய அரசு தந்த அனுமதியில், ஓடலாம். பதப்படுத்தாத தானியத்துக்குச் சட்டம் தரும் விலக்கை வைத்துக்கொண்டு, சுற்றுவட்டார விவசாயிகளுக்கும் எலிவேட்டர் எனப்படும் கொள்முதல் கிடங்குகளுக்கும் மட்டும் ஓடலாம். அல்லது மத்திய அரசிடம் ஆபரேட்டிங் அத்தாரிட்டி வாங்கி, கிடைக்கிற எல்லாச் சரக்கையும் சொந்தப் பெயரில் எடுக்கலாம்.

இந்த மூன்றையும் "ஏற்றிய மைலுக்கு எத்தனை டாலர்" என்று கேட்டுத்தான் பெரும்பாலோர் ஒப்பிடுகிறார்கள். தானியத்தில் அந்த எண் ஆளை ஏமாற்றும். தானியம் ஒரே திசையில் போகும் சரக்கு. வயலிலிருந்து எலிவேட்டருக்குப் போகிறது. அங்கிருந்து ஆற்றுத் துறைக்கோ எத்தனால் ஆலைக்கோ டெக்சாஸ் மாட்டுப் பட்டிகளுக்கோ போகிறது. திரும்பும் வழியில் ஏற்றத் தானியம் இருக்காது. போதாக்குறைக்கு, இறக்கும் இடத்தில் வரிசை. ஆக, பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: காலி ஓட்டத்தையும் சேர்த்த மொத்த மைலுக்கு என்ன வந்தது, வரிசையில் நின்றதையும் சேர்த்த மொத்த மணிக்கு என்ன வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகைகள் விளக்கத்துக்காக வைத்தவை, எடைகள் உண்மையானவை. இன்டர்ஸ்டேட் எனப்படும் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலையில் வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்து 80,000 பவுண்டு வரை போகலாம்; நம் கணக்கில் சுமார் 36.3 டன். காலி எடை 26,000 பவுண்டு என்றால் சரக்குக்கு 54,000 மிஞ்சும். தானியத்தைப் புஷல் என்ற அளவில் கணக்கிடுவார்கள். மக்காச்சோளம் (கீழே சோளம் என்பதும் இதுவே) புஷலுக்கு 56 பவுண்டு, ஆக 964 புஷல். சோயாவும் கோதுமையும் 60 பவுண்டு, ஆக 900 புஷல்.

முதல் நடை: 90 மைல் தூரத்துக்குப் புஷலுக்கு 35 சென்ட். 337 டாலர் வரும். ஏற்றிய மைலுக்கு 3.75 டாலர், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பி வருவது காலியாக என்பதால் மொத்த மைலுக்கு 1.87. காலனுக்கு 6.5 மைல், டீசல் 4 டாலர் என்று வைத்தால் எரிபொருளுக்கு 111 போகும். ஏற்ற அரை மணி, ஓட்ட 3.6 மணி, வரிசையில் அரை மணி என்றால் மணிக்கு 49 டாலர் நிற்கும். அதே வரிசை 3 மணி நேரம் ஆனால் மணிக்கு 32.

இரண்டாவது நடை: 300 மைல் தூரத்துக்கு 27 அமெரிக்க டன் சோளம், டன்னுக்கு 30 டாலர், 810 டாலர். ஏற்றிய மைலுக்கு 2.70 மட்டுமே என்பதால் பலர் இதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் அங்கிருந்து 40 மைல் காலியாகப் போய் 26 டன் உரம் ஏற்றி, 270 மைல் தள்ளி இறக்கினால், டன்னுக்கு 24 வீதம் இன்னொரு 624. வீடு சேர 30 மைல் காலி. 640 மைலுக்கு 1,434 டாலர், அதாவது மொத்த மைலுக்கு 2.24. அதே வேகத்தில் ஓட்ட 12.8 மணி, அதோடு ஏற்ற, இறக்க, கழுவ என்று 5 மணி நேரம் சேர்த்தாலும் டீசல் போக மணிக்கு 58 நிற்கிறது. கழுவும் கூலியை இதில் கழிக்க வேண்டும், கழித்தாலும் முதல் நடை இதைத் தொடாது.

இப்போது கேட்க வேண்டியது இதுதான்: மூன்று வழிகளில் எது அந்த உர லோடை உங்கள் கைக்குக் கொண்டுவரும்?

விலக்கு வழியிலிருந்து தொடங்குவோம், தவறான நம்பிக்கைகள் அதிகம் உள்ளது அங்கேதான். மக்காச்சோளம், கோதுமை, சோயா போன்ற பதப்படுத்தாத விளைபொருளை மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்கு ஏற்ற மத்திய ஆபரேட்டிங் அத்தாரிட்டி தேவையில்லை. அதைக் கேட்டவுடன் "அப்படியானால் காகித வேலையே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் மத்திய போக்குவரத்துத் துறை தரும் யு.எஸ்.டாட் எண் வேண்டும். பொறுப்புக் காப்பீடு வேண்டும். பல மாநில நம்பர் பிளேட்டுக்கான ஐ.ஆர்.பி., எரிபொருள் வரிக்கான இஃப்டா, மாநிலம் விட்டு மாநிலம் ஓடுபவர்களுக்கான ஆண்டுப் பதிவான யு.சி.ஆர்., கனரக வாகன வரிக்கான 2290 படிவம், போதைமருந்துப் பரிசோதனைக் குழுவில் சேர்க்கை, மருத்துவச் சான்று எல்லாமே வேண்டும். 75,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு 2290 வரி மட்டும் வருடத்துக்கு 550 டாலர். விலக்கால் மிச்சமாவது 300 டாலர் விண்ணப்பக் கட்டணமும் சில வாரக் காத்திருப்பும்தான்.

இழப்போ பெரிது. உரம், சாலை உப்பு போன்றவை விலக்கில் வராது. சோயா புண்ணாக்கு, எத்தனால் ஆலையிலிருந்து வரும் டி.டி.ஜி. போன்ற தீவனங்கள், பண்ணைக்கோ விவசாயிகளுக்குப் பொருள் விற்கும் கடைக்கோ போனால் விலக்கு உண்டு. ஏற்றுமதி முனையத்துக்குப் போனால் அதே நியாயத்தைச் சொல்ல முடியாது. ஆக, பல ரிட்டர்ன் லோடுகள் சட்டப்படியே கை நழுவுகின்றன. இன்னொரு ஆபத்தையும் கவனியுங்கள். பொதுச் சரக்குத் தரகர்கள் 2013 முதல் 75,000 டாலர் ஜாமீன் பத்திரம் வைக்க வேண்டும். விலக்குச் சரக்கு மட்டும் பிடித்துத் தரும் தரகருக்குப் பதிவும் பத்திரமும் கட்டாயம் இல்லை. அவர் வாடகை தராமல் ஓடிவிட்டால் பத்திரத்தின் மீது உரிமை கோர வழி இருக்காது. தெரிந்த எலிவேட்டரிடமும் விவசாயியிடமும் நேரடியாக எடுப்பவருக்கு இந்தக் கவலை குறைவு.

அப்படியிருந்தும் இந்த வழி யாருக்குப் பொருந்தும்? அறுவடை நேரத்தில் மட்டும், வீட்டைச் சுற்றி ஓடுகிறவருக்கு. அங்கே ஒரு பெரிய சலுகை இருக்கிறது. மாநிலம் அறிவிக்கும் விதைப்பு, அறுவடைக் காலத்தில், சரக்கு ஏற்றும் இடத்திலிருந்து 150 விமான மைலுக்குள், அதாவது நேர்கோட்டில் சுமார் 172 சாதாரண மைல் ஆரத்துக்குள், ஓட்டும் நேர விதிகள் பொருந்தாது. விதிப்படி 11 மணி ஓட்டம், 14 மணி வேலை நாள்; வரிசையில் நிற்கும் நேரமும் அந்த 14 மணியைத் தின்றுவிடும் என்பதால், இந்த விலக்கின் மதிப்பு அக்டோபரில்தான் முழுமையாகத் தெரியும். சில மாநிலங்கள் வருடம் முழுவதையுமே அந்தக் காலமாக அறிவித்திருக்கின்றன. எடையிலும் சலுகை உண்டு: அயோவாவில் ஆளுநரின் அறுவடை அறிவிப்பு இருக்கும் நாட்களில் மாநிலச் சாலைகளில் 90,000 பவுண்டு வரை போகலாம். இன்டர்ஸ்டேட்டில் ஏறினால் மறுபடி 80,000தான். இந்த ஒரு வரியை மறந்து அபராதம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இந்தச் சலுகைகள் அத்தாரிட்டி வைத்திருப்பவருக்கும் அப்படியே பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது. அவை சரக்குக்கும் தூரத்துக்கும் சாலைக்கும் உரியவை.

கம்பெனியின் கீழ் ஓடுவதில் முதல் லாபம், உர ஆலையும் உப்புச் சுரங்கமும் புண்ணாக்கு ஆலையும் ஏற்கெனவே அவர்கள் வாடிக்கையாளர்களாக இருப்பது. கான்சாஸின் ஹட்சின்சன், லயன்ஸ் பக்கத்து உப்பு, ஒக்லஹோமாவில் கட்டூசா துறைமுகத்துக்கு வரும் உரம் போன்றவற்றைத் தனி ஆள் எடுக்க வருடங்கள் ஆகும். இரண்டாவது லாபம் காப்பீடு. பொறுப்புக் காப்பீட்டுக்குச் சட்டம் கேட்பது 7,50,000 டாலர். தரகர்களும் ஆலைகளும் கேட்பது பெரும்பாலும் 10 லட்சம். புது அத்தாரிட்டிக்கு முதல் வருடப் பிரீமியம் ஐந்திலக்கத்தில் வரும், அதில் ஒரு பங்கை முன்பணமாகக் கேட்பார்கள். கம்பெனியின் கீழ் இருந்தால் அது அவர்கள் தலையில். உங்கள் பொறுப்பில் வருவது, லோடு இல்லாமல் சொந்த வேலையாக ஓட்டும் நேரத்துக்கான காப்பீடும் வண்டிச் சேதக் காப்பீடும்.

இதற்கு விலையாகக் கம்பெனி வாடகையில் ஒரு சதவீதம் எடுத்துக்கொள்ளும். டிரெய்லர் உங்களுடையதா அவர்களுடையதா என்பதைப் பொறுத்து அது கணிசமாக மாறும். சதவீதத்தில் வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்காமல், எதன் மீதான சதவீதம் என்று கேளுங்கள். டீசல் விலை ஏறும்போது வாடகையோடு சேர்த்துத் தரும் டீசல் சர்சார்ஜ் முழுதாக வருகிறதா, இல்லை அதிலும் வெட்டா? கம்பெனிக்குள்ளேயே ஒரு தரகுப் பிரிவு இருந்து, அது முதலில் ஒரு பங்கு எடுத்துவிட்டு மீதியைத்தான் "மொத்த வாடகை" என்று காட்டுகிறதா?

கூட்டாட்சி விதித்தொகுப்பில் 49ஆம் தலைப்பின் 376ஆம் பகுதி குத்தகை வண்டிகளுக்கானது. டெலிவரி காகிதங்களைக் கொடுத்த 15 நாளில் பணம், சதவீத ஒப்பந்தம் என்றால் வாடகைச் சீட்டின் நகல், கம்பெனி ஈடாகப் பிடித்து வைத்த எஸ்க்ரோ பணம் ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள், பிடித்தங்கள் ஒவ்வொன்றும் முன்கூட்டியே எழுத்தில் என்று அது சொல்கிறது. விலக்குச் சரக்கு கலந்து ஓடும்போது விதி பொருந்துமா என்று பின்னால் வழக்காடுவதைவிட, அந்த நான்கையும் ஒப்பந்தத்திலேயே வரிவரியாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஹாப்பருக்கே உரிய சில கேள்விகள் பொது ஒப்பந்தப் படிவத்தில் இருக்காது. கழுவும் கூலி யாருடையது? எத்தனை மணிக்குப் பிறகு காத்திருப்புக் கூலி? பெரும்பாலான எலிவேட்டர்கள் அதைத் தரவே மாட்டார்கள். கம்பெனியால் வாங்கித் தர முடிந்தால் அதற்காகவே அங்கு சேரலாம். லோடு நிராகரிக்கப்பட்டால், வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் மைலுக்கு யார் பணம் தருவார்? ஈரப்பதம் அதிகம், பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின், உயிருள்ள பூச்சி, பூசண வாடை என்று திருப்பினால் பிழை அனுப்பியவருடையது. தார்ப்பாய் கிழிந்து நனைந்தாலோ, முன்பு ஏற்றிய சரக்கின் மிச்சம் கலந்தாலோ பிழை வண்டிக்காரருடையது. இந்தப் பிரிவினை காகிதத்தில் இல்லாவிட்டால் எல்லாமே வண்டிக்காரர் பிழையாகத்தான் முடியும்.

சொந்த அத்தாரிட்டி பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. முழு வாடகையும் உங்களுக்கு, முழுத் தலைவலியும் உங்களுக்கு. பணம் வர 30 நாளோ அதற்கு மேலோ ஆகும். ஃபாக்டரிங் கம்பெனியிடம் பில்லை விற்று உடனே வாங்கினால் சில சதவீதம் போகும். முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்புத் தணிக்கை வரும், போதைமருந்துப் பரிசோதனைப் பதிவு இல்லாதவர்கள் அதில்தான் அதிகம் மாட்டுவார்கள். பல தரகர்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ வயதாகாத அத்தாரிட்டிக்கு லோடே தர மாட்டார்கள். இதனால்தான் எங்கள் கணிப்பில், விலக்குச் சரக்கு மட்டும் ஓட்ட நினைப்பவரும் அத்தாரிட்டியை முதல் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். சோளம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அதற்கு வயது ஏறும். காப்பீடு இருக்கிறது என்று மத்திய அரசிடம் செய்யும் தாக்கல் இடையில் அறுந்தால் அத்தாரிட்டி ரத்தாகிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இனி டிரெய்லர். அலுமினிய ஹாப்பர் சுமார் 9,000 முதல் 10,000 பவுண்டு. எஃகு ஹாப்பர் அதைவிட 2,000 பவுண்டு அளவுக்குக் கூடுதல். 2,000 பவுண்டு என்பது 36 புஷல் சோளம். புஷலுக்கு 35 சென்ட் தரும் குறுநடையில் அது ஒரு லோடுக்கு 12 டாலர் சொச்சம். டன்னுக்கு 30 தரும் நெடுநடையில் லோடுக்கு 30 டாலர், வருடம் முழுவதும். ஆகவே வருடத்தில் இரண்டு மாதம் வயலோரம் ஓடுபவருக்குப் பழைய எஃகு டிரெய்லர் கெட்ட முடிவே அல்ல. புது டிரெய்லருக்கு 12 சதவீத மத்திய கலால் வரி உண்டு, பழையதற்கு இல்லை என்பதும் அந்தப் பக்கம் சாய்க்கும் விஷயம். கம்பெனியின் கீழோ அத்தாரிட்டியிலோ வருடம் முழுக்க எடைக்கு வாடகை வாங்குபவருக்கு அலுமினியம்தான். டேவிட் சிட்டியின் டிம்ப்டி, சூ சிட்டியின் வில்சன் ஆகிய இரு தயாரிப்பாளர்களின் டிரெய்லருக்கும் மறுவிற்பனை நன்றாகவே இருக்கும்.

உரம் ஏற்றுவதாக இருந்தால் உலோகப் பேச்சு இன்னும் சிக்கலாகும். உரத் தூள் ஈரத்தை இழுத்து எஃகைத் துருவேற்றும், அலுமினியத்தில் குழி விழ வைக்கும். அலுமினியமும் எஃகும் தொடும் போல்ட்டுகளைச் சுற்றி அரிப்பு முதலில் தொடங்கும். இறக்கிய அன்றே கழுவ வேண்டும். கழுவும்போது அடிக்கதவின் தண்டவாளம், பல்சக்கரம், மின்வயர் இணைப்பு ஆகியவற்றுக்குள்ளும் தண்ணீர் போக வேண்டும். பழைய அலுமினிய டிரெய்லர் வாங்கும்போது ஹாப்பர் சரிவின் வெளிப்பக்கத்தைக் கீழிருந்து பாருங்கள். நசுங்கல்கள் நிறைய இருந்தால் அது புண்ணாக்கோ டி.டி.ஜி.யோ ஓடிய வண்டி. அந்தச் சரக்கு சூடாக ஏறி, வழியில் இறுகி, கதவைத் திறந்தாலும் கமான் போல நின்றுகொள்ளும். சுத்தியலால் அடித்து இறக்கியிருப்பார்கள். அந்தச் சரக்கை எடுக்கத் திட்டமிருந்தால் அதிர்வு இயந்திரம் மாட்டும் தாங்கி உள்ள டிரெய்லராகப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது ஹாப்பருக்குள் இறங்கி மிதித்துவிடும் வேலை மட்டும் வேண்டாம். ஓடத் தொடங்கும் சரக்கு ஆளை இழுத்துக்கொள்ளும்.

பக்கச் சுவர் 66 அங்குலமா 72 அங்குலமா என்பதும் வழியைப் பொறுத்ததே. சோளம், சோயா மட்டும் என்றால் 66 போதும், இடம் நிரம்புவதற்கு முன்பே எடை நிரம்பிவிடும். புஷலுக்கு 32 பவுண்டே உள்ள ஓட்ஸ், சூரியகாந்தி, டி.டி.ஜி. ஏற்ற 72 வேண்டும்.

அச்சு விஷயத்தில் தயக்கமின்றிச் சொல்லலாம். அருகருகே உள்ள இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு வரம்பு. பத்தடியாவது விலக்கி வைத்த ஸ்பிரெட் அச்சுக்கு 40,000. எடைமேடை இல்லாத வயலில், அறுவடை இயந்திரத்திலிருந்து லாரிக்குத் தானியம் கொண்டுவரும் கிரெயின் கார்ட்டிலிருந்து கொட்டி வாங்குபவருக்கு அந்த 6,000 பவுண்டு பெரிய நிம்மதி. பின் ஹாப்பரில் கொஞ்சம் கூடினாலும் தப்பலாம். ஆனால் பண்ணை முற்றத்தில் இறுக்கித் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். ஏர் சஸ்பென்ஷனில் எடை காட்டும் லோடு கேஜ் ஒன்றை மாட்டி, ஒருமுறை எடைமேடையில் ஏற்றிக் குறித்துக்கொண்டால் இரட்டை அச்சிலும் இதே நிம்மதி கிடைக்கும், செலவும் மிகக் குறைவு.

மூன்று வழிக்கும் பொதுவாகப் பணம் கசியும் இடங்கள் இரண்டு. ஒன்று அடிக்கதவு. ரப்பர் சீல் தேய்ந்தால் சோளம் நிற்கும், கடுகு, ஆளி போன்ற பொடி விதை வழி நெடுக ஒழுகும். வாடகை இறக்கும் இடத்து எடைக்குத்தான். இறக்கும்போதும் கதவை முழுக்கத் திறக்காமல் கொஞ்சமாக விரித்துத் தொடங்க வேண்டும். சரக்கு விழும் எலிவேட்டர் குழி நிரம்பி மேலே பொங்கினால் கதவை மூடவும் முடியாது, வண்டியை நகர்த்தவும் முடியாது. பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் அதற்குச் சாட்சி. மற்றொன்று முன்சரக்குப் பதிவு. இறைச்சி எலும்புத் தூள் ஏற்றிய வண்டியில் மாட்டுத் தீவனம் ஏற்றுவதற்கு 'மேட் கவ்' எனப்படும் மாட்டுப் பைத்திய நோய்த் தடுப்பு விதிகளின்படி கடும் கட்டுப்பாடு உண்டு. மருந்து பூசிய விதையின் நிறமேறிய மணிகள் ஒரு கைப்பிடி கலந்தாலும் எலிவேட்டர் திருப்பிவிடும். கடைசி மூன்று லோடும் கழுவிய ரசீதும் வண்டியிலேயே இருக்கட்டும், பல ஆலைகள் எடைமேடையிலேயே கேட்கும்.

எப்போது மாறுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பெனியின் கீழ் ஓடுபவர் சொந்த அத்தாரிட்டிக்குப் போக நினைத்தால் ஆகஸ்டில் கிளம்புவதுதான் வழக்கம், அறுவடை வாடகையை முழுதாக எடுக்கலாம் என்று. அது மோசமான நேரம். நம்பர் பிளேட் கம்பெனி பெயரில் இருக்கும், புதிதாக எடுக்க வேண்டும். எஸ்க்ரோ திரும்ப 45 நாள் வரை ஆகும். அதே நாட்களில் காப்பீட்டு முன்பணம் கேட்பார்கள். முதல் லோடின் பணம் வர ஒரு மாதம் இருக்கும். 2022 இலையுதிர் காலத்தில் மிசிசிப்பி வற்றிப் படகுகளின் பாரம் குறைக்கப்பட்டதுபோல் ஆற்றுத் துறைகள் திணறினால், சொந்தப் பெயரில் புதிதாக நிற்பவருக்குத் திருப்பிவிட வேறு வாடிக்கையாளர் இருக்க மாட்டார். ஜனவரியில் விண்ணப்பித்தால் வசந்த கால உர ஓட்டம் முதல் வருமானமாக அமையும், ஜூனில் கான்சாஸ் கோதுமை வரும், செப்டம்பரில் சோளம் தொடங்கும்போது அத்தாரிட்டிக்கு ஆறு மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கும். கையிருப்பு மட்டும் காப்பீட்டு முன்பணம், பிளேட் கட்டணம், இரண்டு மாத டீசல், ஒரு செட் டயர் ஆகியவற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது இல்லாதவர் இன்னொரு அறுவடையைக் கம்பெனியின் கீழ் ஓட்டிவிட்டு, அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.